தொடாதவனுக்குப் போன பந்து

மாப்ள,

இன்று காலை டியூட்டி முடிந்து மெஸ்ஸுக்குப் போனேன். அமெரிக்க சூப்பர்வைசர் வழக்கம்போல டிவியில் அவர்கள் ஊர்க் கால்பந்தைப் போட்டிருந்தார். ஒருவன் பந்தை மார்போடு அணைத்தபடி ஓடினான். கோட்டைத் தொட ஒரு முழம் இருக்கும்போது பந்து கைநழுவி, கோட்டுக்கு அப்பால் உள்ள கடைசிக் கட்டத்துக்குள் விழுந்து, அதன் ஓரமாக வெளியே உருண்டது. எதிரணி அதைத் தொடக்கூட இல்லை. ஆனாலும் பந்து அவர்களுக்குத்தான். தட்டை அப்படியே வைத்துவிட்டு ரூமுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

கத்தாரில் இந்த ராஸ் லஃபான் கேம்ப்பில் நாம் ஒரே ரூமில் இருந்த ஆறு வருடமும் இதற்காக எத்தனை சண்டை போட்டிருப்போம்! "வேற எங்க நழுவி வெளிய போனாலும் பந்து அவன்கிட்டயேதான். இங்க மட்டும் ஏன்டா பறிக்கிறாய்ங்க? தொடாதவனுக்குத் தூக்கிக் குடுக்கிறது என்ன நியாயம்?" என்பாய். "கிட்ட வந்தவன் பத்திரமா பிடிக்கணும் மாப்ள. ரூல் சரிதான்" என்பேன். அந்த விளையாட்டில் எனக்குப் பாதி புரியாது. ஆனாலும் நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அந்தக் கோடையில் உன் மகளுக்குக் காது குத்து. லீவு பாரத்தில் போர்மேன் கையெழுத்து, கேம்ப் பொறுப்பாளர் கையெழுத்து எல்லாம் வாங்கிவிட்டாய். கடைசி மேசையில் ஐடி கார்டு கேட்டார்கள். அது சலவைக்குப் போட்ட சட்டைப் பையில் கிடந்தது. நீ கேம்ப்புக்கு ஓடித் திரும்புவதற்குள் பன்னிரண்டு மணிக் கெடு முடிந்துவிட்டது. "கலாஸ், முடிஞ்சது" என்று கிளார்க் பதிவேட்டை மூடிவிட்டார். கம்பெனி வழக்கப்படி உன் இடம் பட்டியலில் அடுத்தவனுக்குப் போனது. அடுத்தவன் நான்.

எனக்கு ஊரில் அவசரம் எதுவும் இல்லை. 'வேண்டாம்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் உனக்கே திரும்பும் என்று கிளார்க்கும் சொன்னார். நான் எழுதவில்லை. வீட்டு ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

நீ சிரித்தாய். "ரூல் சரின்னு சொன்னவன்தானடா நீ. போய்ட்டு வா." மகளுக்கு வாங்கிய தோட்டையும் என்னிடமே கொடுத்தனுப்பினாய்.

காது குத்தி நான்காம் நாள், நீ சைட்டில் வெயிலில் சுருண்டு விழுந்ததாகப் போன் வந்தது. பிறகு பெட்டியில்தான் வந்தாய்.

நீ சொன்னதுதான் நியாயம் மாப்ள. இதை உன் வெறுங்கட்டிலைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

உன் மகள் அவ்வப்போது போன் செய்கிறாள். போன வாரமும் கேட்டாள்: "மாமா, என் காது குத்துக்கு அப்பாவுக்கு லீவே கிடைக்கலையா?"

"கிடைக்கல தாயி" என்றேன். அந்த லீவில்தான் நான் அவள் முன்னால் வந்து நின்றேன் என்பதை இன்னும் சொல்லவில்லை.