காலியான கோல்

மார்ச் 6, வியாழன்

ஷூ கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசரான நான் இன்று ஐஸ் ஹாக்கியில் பந்தயம் கட்டினேன். காலை ஷிப்டுக்கு முன், ஆபீஸ் சலீமின் செல்போனில் கனடா மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்புச் சட்டை அணிதான் ஜெயிக்கும் என்றேன். தோற்றவர் ஒரு வாரம் எல்லோருக்கும் டீ ஊற்ற வேண்டும்.

கடைசி நிமிடத்தில் சிவப்பு ஒரு கோல் பின்தங்கியிருந்தது. திடீரென்று அதன் கோல்கீப்பர் வெளியே போய்விட, இன்னொரு ஆட்டக்காரன் உள்ளே வந்தான்.

“இன்னாக்கா, உங்க கீப்பர் பேஜாராயி ஓடிட்டான்!” என்று சலீம் சிரித்தான்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கண்டெய்னர் கிளம்பும் நாளில் ஆள் போதாவிட்டால், நானும் கேட் வாட்ச்மேனைக் கூட்டிவந்து பெட்டிகளுக்கு டேப் ஒட்ட வைக்கிறவள்தானே.

“ஓடல சலீம், கோல் அடிக்க முன்னாடி ஆளு சேக்கறாங்க. ஒரு வாரம் இல்ல, ஒரு மாசம்னு வெச்சுக்கோ!”

எதிரணிக்காரன் ஒருவன், இந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டைத் தூரத்திலிருந்தே தட்டிவிட்டான். அது யாருமில்லாத கோலுக்குள் மெதுவாக வழுக்கிப் போனது.

டீ ஊற்றுவதில் எனக்கு வெட்கமில்லை. என் யோசனை சரிதான். நாளைக்கும் கண்டெய்னர் இருக்கிறது. வாட்ச்மேனைக் கூப்பிடத்தான் போகிறேன்.

கேட்டைப் பூட்டிவிட்டு வரச் சொல்வேன், அவ்வளவுதான்.