உன் முட்டியைப் பற்றிச் சொன்னது யார்

அன்பு மகனுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று, இரண்டு நாள் பேசாமல் இருந்தாள், வீடே வெறிச்சென்று கிடந்தது, மூன்றாம் நாள் எல்லாவற்றையும் சேர்த்துவைத்துப் பேசித் தீர்த்துவிட்டாள். அக்கா குழந்தையோடு வந்து போனாள். பஸ் பட்டறையில் எனக்கு வேலைக்குக் குறைவில்லை. இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு நிலையான மாதச் சம்பளத்தோடு ஃபுட்பால் கிளப் உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் என்று நம்பியிருந்தாய். வந்த தாளில் ஒரே வருஷம், பாதிச் சம்பளம், மீதி நீ மைதானத்தில் இறங்கும் ஆட்டங்களுக்கு மட்டும் என்று இருந்தது. உடம்பில் சந்தேகம் உள்ள இளம் ஆட்டக்காரர்களுக்கு இதுதான் விதி என்றார்களாம். உன் வலது முட்டி வீங்குவதும் நீ கதவைச் சாத்திக்கொண்டு ஐஸ் வைப்பதும் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கொதித்தாய். "அப்பா, உங்களுக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும், அவன்தான் போட்டுக் குடுத்துட்டான்" என்றாய். மூன்று வருஷமாக உன்னோடு ஒரே அறையில் இருந்த கோல்கீப்பர் பையனை அறையை விட்டே அனுப்பிவிட்டாய், அவனை நம்பாதீர்கள் என்று பயிற்சியாளரிடமும் சொல்லிவிட்டாய்.

அவன் சொல்லவில்லையப்பா. நான்தான் சொன்னேன்.

போன மாதம் கிளப் ஆபீசிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார், ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம், குடும்பத்தாரிடமும் நாலு வார்த்தை கேட்பது வழக்கம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறையில் எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன். உங்கள் பையன் கஷ்டத்தைத் தாங்குவானா என்று கேட்டார். விடுவேனா நான்? "தாங்குறதா? முட்டி பூசணிக்கா மாதிரி வீங்கினாலும் ஐஸ் வச்சுக் கட்டிக்கிட்டு மறுநாள் ஓடுவான் மேடம், ஒருத்தர்கிட்ட மூச்சு விடமாட்டான்" என்றேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். சத்தத்தைக் கேட்டே எஞ்சினின் கோளாறைச் சொல்கிறவன் நான், அவர் எதற்குக் கேட்கிறார் என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே தகப்பன் கத்தினான், பிள்ளை கெட்டான்.

இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று நீயே சொன்னாய். அதில் என்மேல் உனக்குச் சந்தேகமே வரவில்லை. அந்தப் பையனை நீ திட்டியதை எல்லாம் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, பேசக்கூடாத இடத்தில் பேசியதைவிட அதுதான் பெரிய பாவம். அம்மாவுக்கு இன்னும் தெரியாது, இன்று சொல்லிவிடுவேன்.

அவனுக்கும் இந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது என்றாயே. அதற்குள் பயிற்சியாளரிடம் போய், அவனைப் பற்றி நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிடு. நீ கையெழுத்துப் போடும் முன் நல்ல டாக்டரிடம் முட்டியைக் காட்டு, இனி மறைக்க என்ன இருக்கிறது. உன் கால் குணமாகட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்ததும் முதலில் அவனைக் கூப்பிடு. என்னை, உனக்கு மனம் வரும்போது கூப்பிட்டால் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா