வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை

செப்டம்பர் 20, சனி

நம் கடையின் சேலைத் தளத்தில், வாங்கும் பொத்தானை வாட்ஸ்அப் சின்னம் மறைக்கிறது. கம்ப்யூட்டரில் பார்த்தால் எல்லாம் அழகு. போனில் பார்த்தால் 'இப்போதே வாங்க' என்பதில் 'வாங்க' மட்டும் பச்சை வட்டத்துக்கு அடியில் போய்விடுகிறது. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தின கதை. நம் தளத்துக்கு வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் போனில்தான் வருகிறார்கள். இத்தனை நாள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும்தான்.

கிருஷ்ணப்பிரியாவிடம் சொன்னேன். சேலைகளைப் படமெடுத்துத் தளத்தில் ஏற்றுவது அவள் வேலை, ஆவடிப் பெண். "என் போன்ல நல்லா தெரியுதே சார்" என்றாள். அவள் போன் ஒரு சிலேட்டு அளவு இருக்கிறது. என் மாமனார் ஷவுகத் அலியின் பழைய போனை வாங்கிவந்து காட்டினேன். மாலைக்குள் சரிசெய்துவிட்டாள்.

பரந்தாமன் முதலாளி போகிற போக்கில் சொன்னார்: "தீபாவளி வரைக்கும் பாப்போம்பா. ஓடுச்சின்னா ஓட்டலாம். இல்லாங்காட்டி கடையே போதும்." அம்பத்தூரில் தலைமுறையாக ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர். ஆன்லைன் விற்பனை அவருக்குப் புது மாப்பிள்ளை மாதிரி. மரியாதை உண்டு, நம்பிக்கை இல்லை. கடையே போதும் என்றால் ஆன்லைனைப் பார்த்துக்கொள்கிற நான் வேண்டாம் என்று அர்த்தம். தீபாவளி அக்டோபர் இருபது.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஷார்ஜாவிலிருந்து மச்சான் போன். என் மனைவி உஸ்மாவின் அண்ணன். நான் முன்பு இருந்த பழைய மாலிலேயே வேலை, டிசம்பரில் விசா வந்துவிடும், சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்கிறார். "யோசிச்சு சொல்றேன் மச்சான்" என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? தீபாவளி ஓடினால் பூந்தமல்லியிலேயே இருக்கலாம். ஓடாவிட்டால் போகவேண்டியதுதான்.

உஸ்மாவுக்குப் பிரசவத்துக்கு பிப்ரவரி கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். டிசம்பரில் போனால் பிள்ளையின் முகத்தை வீடியோவில் பார்ப்பேன். அழுவதைக் கேட்பேன். தூக்க முடியாது.

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. "போறதுன்னா போங்க. ஆனா சீக்கிரம் சொல்லிடுங்க. நான் பழகிக்கணும்ல" என்றாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 24, புதன்

நாள் முழுக்க எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன். டீ கொண்டுவந்தவரையும் விடவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

காலையில் வேண்டுமென்றே பட்டாபிராம் போய் சென்ட்ரல் ரயில் பிடித்தேன். ஓடுகிற ரயிலில் நம் தளம் எப்படித் திறக்கிறது என்று பார்க்க. திறக்கவே இல்லை. படம் பாதி வந்து நின்றது: ஒரு பெண்ணின் முகம், கழுத்து. சேலையைக் காணோம். அதற்குள் சிக்னல் போய்விட்டது.

எதிரே ஒரு அம்மா, மடியில் டிபன் பையோடு, வேறு ஏதோ கடையில் சேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு படம் திறக்கத் தாமதமானது. அவ்வளவுதான், விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். கடை வாசல் ஏறி வந்தவர் என்றால் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கலாம். இவர்களை எப்படி உட்கார வைப்பது?

திரும்பி வந்து கிருஷ்ணப்பிரியாவைப் பிடித்துக்கொண்டேன். எல்லாப் படத்தையும் சின்னதாக்கு. முகம் வேண்டாம், பார்டர் தெரியட்டும். "மாடல் கோச்சுக்கும் சார்" என்றாள். மாடல் அவளுடைய சொந்தத் தங்கை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கல்லா, முழக்கோல், கத்தரி எல்லாவற்றுக்கும் பொட்டு. கவுண்டர் மேனேஜர் கஜபதி என் லேப்டாப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார், சரியாக கேமரா கண்ணின்மேல். பொரி கொடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"போன்ல இன்னா தம்பி சேல? தொட்டுப் பாக்காம, வெளிச்சத்துல புடிச்சுப் பாக்காம வாங்குறவ சேல கட்டுறவளே இல்ல. இதெல்லாம் தீபாவளியோட ஊத்தி மூடிடுவாங்க பாரு."

எல்லோர் முன்னாலும். பொரியை மென்றுகொண்டே சிரித்தேன். மனதுக்குள் ஒன்று முடிவு செய்தேன்: இனி என் வேலை எதையும் இவரிடம் காட்டுவதில்லை.

அக்டோபர் 4, சனி

திட்டம் தயார். வரும் வெள்ளி, பத்தாம் தேதி, மின்னல் தள்ளுபடி. போனில் மட்டும். காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை. பன்னிரண்டு அடித்ததும் பழைய விலை.

ஏன் வெள்ளி? சம்பளம் வந்திருக்கும், மங்களகரமான நாள், தீபாவளிக்கு முன் துணி வந்து சேர, பிளவுஸ் தைக்க நேரம் இருக்கும். ஏன் பத்தரை? பிள்ளைகள் பள்ளிக்கும் புருஷன் வேலைக்கும் போன பிறகு போன் அவர்கள் கையில் இருக்கும். ஏன் பன்னிரண்டு? அதை இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்: ஜும்மா. பன்னிரண்டுக்கு முடிந்தால் நிம்மதியாகக் கிளம்பிப் பள்ளிவாசலுக்குப் போகலாம்.

முதலாளி சரக்கெடுக்க சேலம் போயிருக்கிறார். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்று வந்தது. கஜபதியிடம் காட்டவில்லை. கேட்டார். "சும்மா சின்ன வேலைண்ணே" என்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

மாமனார் போனில் கடைசியாக ஒருமுறை பார்த்தாயிற்று. படம் சட்டென்று திறக்கிறது, பொத்தான் தெரிகிறது. குறை ஒன்றும் இல்லை. இருந்தும் இன்னொரு முறை பார்த்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

பத்தரைக்குச் செய்தி போனது. உடனே ஆட்கள் வந்தார்கள். தளத்தில் அவரவர் கூடையில் சேலை விழுகிறது, விழுந்துகொண்டே இருக்கிறது. கிருஷ்ணப்பிரியா கை தட்டினாள். நானும் தட்டினேன்.

யாரும் பணம் கட்டவில்லை.

பதினொன்று ஆயிற்று. கூடைகள் நிரம்பி வழிகின்றன, ஒருவரும் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. பணம் கட்டும் வழி அடைத்துவிட்டது என்று நினைத்து நானே ஒரு சேலை வாங்கிப் பார்த்தேன். ஒழுங்காக வாங்க முடிந்தது. கிருஷ்ணப்பிரியா பொத்தானின் நிறத்தை மாற்றினாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. இத்தனை பேர் கடைக்குள் வந்து, சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு, அப்படியே அசையாமல் நிற்கிறார்கள். எதற்காக நிற்கிறீர்கள்? சொல்லித் தொலையுங்களேன்!

பன்னிரண்டுக்கு விலை தானாக மாறியது. போனை அணைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனேன். என்ன ஓதினேன் என்று நினைவில்லை. ஷார்ஜா மாலின் பின்வாசல்தான் கண்ணுக்குள் நின்றது.

வெளியே வந்து போனைத் திறந்தால் அது கையில் நிற்காமல் துள்ளுகிறது. திட்டு, திட்டு, திட்டு. 'ஏமாத்துக் கடை.' 'பன்னிரண்டு மணிக்கு விலையை ஏத்திட்டான்.' பாடியிலிருந்து ஒரு அம்மா நேராகவே கூப்பிட்டார், பெயர் நாகம்மா.

"ஏன்பா, நீங்கல்லாம் சோறுதான் துன்றீங்களா? பன்னெண்டு அடிக்கட்டும்னு போனை கையில வெச்சிகினு குந்திகினு கீறேன். அடிச்ச ஒடனே வெலைய ஏத்திட்டியே. இன்னா அநியாயம் இது?"

"அம்மா, பன்னெண்டு வரைக்கும்தான்னு போட்டிருந்தோமே. அதுக்கு முன்னாடியே வாங்கியிருக்கலாமே."

"ராவு காலத்துல எவடா தீபாவளி துணி வாங்குவா?"

வெள்ளி. பத்தரை முதல் பன்னிரண்டு. ராகு காலம். அச்சு பிசகாமல், தொடக்கமும் முடிவும் நிமிடம் தவறாமல், ராகு காலத்தை எடுத்து அதற்குத் தள்ளுபடி என்று பெயர் வைத்திருக்கிறேன்!

எனக்குத் தெரியாதா? பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்தில் எல்லோரோடும் சேர்ந்து நானும்தானே கத்தினேன்: 'திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா.' திங்கள் ஏழரை, சனி ஒன்பது, வெள்ளி பத்தரை. இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன். வெள்ளி என்றதும் எனக்கு ஜும்மா மட்டும்தான் கண்ணில் பட்டது. கிருஷ்ணப்பிரியாவைக் கேட்டேன். "அதெல்லாம் அம்மாதான் சார் பாப்பாங்க" என்றாள்.

கடைக்குள் நுழையும்போது கஜபதி முதலாளியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "அவரை இன்னா சொல்றது மொதலாளி? அவுங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் கெடையாது. அவருக்கு எங்க தெரியப் போவுது."

எனக்குப் பரிந்துதான் பேசினார். அதுதான் சுட்டது. முட்டாள் என்று திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், என்னை ஏன்யா விருந்தாளியாக்குகிறீர்கள்?

உஸ்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்துவிட்டாள். பிறகு, "அப்ப அண்ணனுக்குச் சொல்லிடவா?" என்றாள். நாளைக்குச் சொல்லலாம் என்றேன்.

அக்டோபர் 11, சனி

காலையில் குளிக்கும்போது தோன்றியது. கூடைகள் அப்படியே இருக்கின்றனவே. எடுத்த சேலையை ஒருவரும் திருப்பி வைக்கவில்லை. அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. நேரம் மட்டும்தான் பிடிக்கவில்லை.

முதலாளி சேலத்திலிருந்து வந்து நேராகக் கடைக்கு வந்தார். எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன்:

'வணக்கம். நேற்று ராகு காலத்தில் தள்ளுபடி வைத்துவிட்டோம். தப்பு எங்களுடையது. பன்னிரண்டு அடிக்கக் காத்திருந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நீங்கள் எடுத்து வைத்த சேலை உங்கள் கூடையிலேயே இருக்கிறது. நாளை நல்ல நேரத்தில், ____ முதல் ____ வரை, அதே விலைக்கு வாங்கலாம்.'

முதலாளிக்கு முகம் கோணியது. "கடக்காரனே தப்புன்னு எழுதித் தந்தா, வாங்குறவன் இன்னாபா நெனப்பான்?"

"ஏமாத்திட்டான்னு இப்ப நெனைக்கிறாங்க மொதலாளி. அதுக்கு மடையன்னு நெனைச்சா தேவலை."

அவர் அதை மறுபடி படித்தார். நாளை எந்த நேரம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். நானே பார்த்துப் போட்டிருக்கலாம். போனைத் தட்டினால் சொல்லிவிடுகிறது. ஆனால் எழுந்து கவுண்டருக்குப் போனேன்.

"அண்ணே, எனக்கு ராகு காலம் தெரியும். நேத்து கோட்டை விட்டுட்டேன். இத உங்ககிட்ட முன்னாடியே காட்டியிருந்தா இது நடந்திருக்காது. நாளைக்கு நேரம் நீங்க பாத்துச் சொல்லுங்க."

கஜபதி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சுவரிலிருந்த காலண்டரைப் புரட்டினார். இதைவிடச் சந்தோஷமான வேலை அவருக்குக் கிடைத்திருக்காது. "ஏழரைலேர்ந்து ஒம்போது வெச்சிக்கோ. திங்கக்கெழம தள்ளாத, அஷ்டமி வந்துரும்." பிறகு முதலாளி பக்கம் திரும்பி, "அனுப்பட்டும் மொதலாளி. ஊரே சிரிச்சிடுச்சி. இனிமே மறைச்சி இன்னா ஆவப்போவுது?"

அனுப்பினேன். மச்சானுக்கு இன்னும் சொல்லவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

ஏழரைக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார்கள். ஏழரை அடித்ததும் ஆர்டர்கள் கொட்ட ஆரம்பித்தன. நேற்றைய செய்தியைச் சிரித்துச் சிரித்து ஒருவருக்கொருவர் அனுப்பியிருக்கிறார்கள். வானகரத்தில், திருவள்ளூரில் எல்லாம் இருந்து புது ஆட்கள் வருகிறார்கள். நாகம்மா இரண்டு சேலை எடுத்துவிட்டு, 'இப்பதான் மன்சன்' என்று எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் கஜபதி வந்து பார்சல் கட்டினார். டேப் சரியில்லை, அட்டைப்பெட்டி சரியில்லை, நான் மடிக்கிற மடிப்பு சரியில்லை. அவர் சொன்னபடியே மடித்தேன். முதலாளி நின்று பார்த்தார், போனார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தெருவில் ஒரே வெடி. உஸ்மா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "உள்ள துள்ளுதுங்க" என்றாள். கையை வைத்துப் பார்த்தேன். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

அக்டோபர் 29, புதன்

முதலாளி இன்னும் வாயைத் திறக்கவில்லை. 'தீபாவளி வரைக்கும்' என்றாரே, தீபாவளி போய்விட்டதே, பார்த்தீரா, என்ன பார்த்தீர்? தினமும் வணக்கம் சொல்கிறார், கடந்து போகிறார். மச்சான் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். நேராகக் கேட்டுவிடுங்கள் என்கிறாள் உஸ்மா. கேட்டால் 'இல்லை' என்று வந்துவிடுமோ என்று கேட்காமல் இருக்கிறேன். பயந்தாங்கொள்ளி. ஆமாம்.

நவம்பர் 8, சனி

முதலாளி எங்கள் மூன்று பேரையும் மாடிக்குக் கூப்பிட்டார். அதுதான், சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்: "பொங்கலுக்கு இன்னா பண்றோம்?"

பொங்கல் பேசி முடித்தோம். அப்புறம் ரம்ஜான். பிப்ரவரி நடுவில் நோன்பு தொடங்குகிறது. கஜபதிக்கு உற்சாகம். "சாயங்காலம் ஆறு, ஆறரைக்கு வெச்சிக்கலாம். எல்லாம் வேல முடிஞ்சி ஊட்டுக்கு வந்துகினு இருப்பாங்க, போனைப் பாப்பாங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணே, அது நோன்பு தொறக்குற நேரம். கையில பேரீச்சம்பழத்த வெச்சிகிட்டு எல்லாரும் பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற சத்தத்துக்குக் காத்திருப்பாங்க. போனை எவன் பாப்பான்?"

கஜபதி நாக்கைக் கடித்துக்கொண்டார். "அய்யய்யோ. நல்லவேள கேட்டேன். அப்ப நீயே நேரத்தச் சொல்லுப்பா."

இரவுத் தொழுகை முடிந்த பிறகு என்று சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். "அப்போ பிப்ரவரி கடைசி வாரம் மொத தள்ளுபடி. முதஸ்ஸிர், நீ பாத்துக்கோ" என்றார் முதலாளி. இருப்பாயா, போவாயா, வேலை நிரந்தரமா என்று யாரும் எதுவும் பேசவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

நான்தான் குறுக்கே பேசினேன். "மொதலாளி, அந்த வாரம் எனக்கு லீவு வேணும். ஊட்ல டெலிவரி."

"அத்த இவ்ளோ நாளு கழிச்சி சொல்றியா? சரி, ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சுக்கலாம்" என்று கிருஷ்ணப்பிரியாவிடம் தேதியை மாற்றச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "உஸ்மா, பிப்ரவரில கடைல லீவு சொல்லிட்டேன்."

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. தலை நிமிரவில்லை.

"எத்தன நாளு?" என்றாள்.