கொளஞ்சியப்பரிடம் என் மேல் ஒரு பிராது

ஜூன் 3, செவ்வாய்

பீங்கான் பட்டறையில் பொம்மை வார்க்கும் விருத்தாம்பாள், சூளைத் தட்டு பட்டு வெந்த வலக்கையோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சேறு. பட்டறையில் யாருக்குச் சுட்டாலும் அச்சில் ஊற்றும் களிமண் கூழைத்தான் பூசுவார்களாம். குளிர்ச்சியாம். "பொம்மைக்கு ஊத்தறத கையில பூசிக்கிட்டு வந்திருக்கியே, உன்னை கொலுவுல வெக்கறதா, பெட்டுல வெக்கறதா?" என்றேன். வரிசையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

மணிக்கட்டைப் பிடித்துத் தேய்த்துக் கழுவினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கட்டு போட்டு முடித்ததும், "உங்க கையில கயிறெல்லாம் ஈரமா இருக்குது சிஸ்டர்" என்றாள். ஐந்து கோயில் கயிறு அது. சேறு பூசி வந்தவள் எனக்குச் சுத்தம் சொல்கிறாள். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை!

ஜூன் 6, வெள்ளி

கட்டைப் பிரித்தால் வீக்கம், சீழ், நாற்றம். மறுபடி மண் பூசியிருப்பாள், வேறென்ன. சீழைச் சோதனைக்கு எடுத்தோம். கழுவப் போனால் கையை இழுத்துக்கொண்டாள். வார்டு உதவியாளர் அர்ச்சுனன் பின்னாலிருந்து தோளை அமுக்கினார். நான் மணிக்கட்டை இறுக்கினேன். "வுடு! வுடுறா என்னை!" — எங்கள் யாரையும் பார்க்காமல், வேறு எவனையோ பார்த்துக் கத்தினாள். தட்டை உதைத்துவிட்டு ஓடியே போனாள்.

பதிவேட்டில் 'ஒத்துழைக்காத நோயாளி' என்று எழுதினேன். எனக்குக் கையெழுத்து அழகாக வரும்.

ஜூன் 10, செவ்வாய்

வரவில்லை. "சீழ் மேல ஏறினா கையே போயிடும், ஆளப் புடிங்க" என்றார் டாக்டர். பிடித்ததால்தான் ஓடினாள்.

அவளோடு வேலை செய்யும் அம்சவல்லி இருமலுக்கு வந்தாள். விருத்தாம்பாள் கொளஞ்சியப்பர் கோயிலில் என் மேல் பிராது கட்டியிருக்கிறாளாம்! குறையைச் சீட்டில் எழுதிக் கட்டிவிட்டால் சாமி விசாரிக்கும். களவுக்கும் வரப்புச் சண்டைக்கும் கட்டுவார்கள். நர்சு மேல் கட்டி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். "என் பேரு சரியா எழுதினாளா, வாசுகின்னு?" என்று கேட்டேன்.

அம்சவல்லி சிரிக்கவில்லை. "அவ புருசன் மணிக்கட்டப் புடிச்சுத்தான் அடுப்புல வெச்சான் சிஸ்டர். இதே கைதான். அவன வுட்டுட்டு வந்து ஆறு வருசம் ஆவுது. இன்னும் யாரு புடிச்சாலும் அவளுக்கு அந்த அடுப்புதான் தெரியும்."

ஜூன் 11

பதிவேட்டில் என் அழகான கையெழுத்தைத் திரும்பப் படித்தேன்.

ஜூன் 12, வியாழன்

தொற்றுத் தடுப்புப் பயிற்சி. வழக்கம்போல் பேனர், சமோசா, கை கழுவுகிற மாதிரி போட்டோ. புதிதாக ஒன்று: கிருமி வளர்க்கும் தட்டில் எல்லோரும் விரலையும் மணிக்கட்டையும் பதிக்க வேண்டுமாம். "யாரு வயல் நல்லா வெளையுதுன்னு பாப்போம்" என்றேன். சிரித்தார்கள். என் வாய்க்கு எப்போதும் கூட்டம் உண்டு.

ஜூன் 14, சனி

விளைந்தது என் வயல்தான். விரல் பட்ட இடம் பரவாயில்லை. கயிறு பட்ட இடத்தில் மட்டும் மஞ்சள் புள்ளிகள், வரிசையாக, கோலம் வைத்தது போல. அவள் சீழில் இருந்த அதே கிருமி. யாரிடமிருந்து யாருக்கு என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர், மரியாதைக்கு.

அந்த ஈரக் கயிறோட எத்தனை பேரு புண்ணத் தொட்டிருப்பேன்? ஐயோ, பிரசவ வார்டுலயும் இருந்தேனே — சொன்னாளே அவ, அன்னிக்கே சொன்னாளே!

பித்தளை நான்தான்.

ஜூன் 15, ஞாயிறு

மருந்துப் பையோடு அவள் வீட்டு வாசலில் நின்றேன். காய்ச்சலில் முகம் வெளுத்திருந்தது.

"பிராதுக்குப் பயந்து வந்தீங்களா?"

"பாதி அதுக்கு. மீதி உங்க கைக்கு" என்றேன். தட்டில் வளர்ந்ததையும் சொன்னேன். மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. கிண்டலுக்கு மட்டும் பழகிய வாய். உள்ளே போய்க் கத்தரிக்கோலும் ஒரு சிவப்புக் கயிறும் கொண்டு வந்தாள். பிராது கட்டிய அன்று கோயிலில் வாங்கியதாம். "பழச அறுத்துடுங்க. இத முழங்கைக்கு மேல கட்டிக்கங்க. சாமி அங்கயும் இருக்கும்."

அப்படியே செய்து, சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, "தொடலாமா?" என்று கேட்டேன். இருபத்திரண்டு வருட வேலையில் முதல் தடவை.

"புடிக்காதீங்க. நானே நீட்டறேன்."

தலையணை மேல் அவளே கையை வைத்தாள். உப்புநீரை அவளே ஊற்றினாள். நான் துடைத்தேன். "இருங்க" என்ற போதெல்லாம் நிறுத்தினேன். ஊசி மருந்துக்கு ஆட்டோவில் அவளாகவே ஏறினாள்.

ஜூலை 9, புதன்

ஐந்து விரலையும் மடக்கிக் காட்டினாள். திங்கட்கிழமை முதல் பட்டறைக்குப் போகிறாளாம். "பிராதைத் திரும்ப வாங்கிடுங்களேன்" என்று கெஞ்சினேன்.

"கெடக்கட்டும் சிஸ்டர். அது அங்க இருக்கற வரைக்கும்தான் நீங்க கேட்டுட்டுத் தொடுவீங்க."

ஜூலை 11, வெள்ளி

நல்லூரிலிருந்து கால் புண்ணோடு ஒரு பெரியவர். "தொடலாங்களா?" என்றேன்.

"இதென்னம்மா, புதுசா கேக்குற?"

"என் மேல ஒரு கேஸு நடக்குதுங்க" என்றேன். யோசித்துவிட்டு, காலை நீட்டினார்.