மஸ்கட் நாய்க்குச் சுற்றிப் போட்டேன்

2006, தை மாதம், ஞாயிறு இரவு.

தம்பி மஸ்கட் தெருவிலிருந்து மீட்டு, ஊருக்குக் கொண்டுவந்து என்னிடம் விட்ட நாய் ராணி சரியாகவே சாப்பிடவில்லை. கண்ணேறு என்று நினைத்து, உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போடப் போனேன்.

"நாய்க்கு யாருடி கண்ணு வைக்கப் போறாக?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்கதேன். அது இடுப்புல சதையே இல்லைன்னு பொறாமை!"

என் கை அதன் தலைக்கு மேலே போனதும் அடிக்கத்தான் வருகிறேன் என்று பயந்து, ராணி வேலி தாண்டி ஓடிவிட்டது. தம்பிக்கு என்ன பதில் சொல்வேன் என்று ஓடித் தேடினேன். திராட்சைப் பந்தலுக்கடியில் நடுங்கிக் கிடந்தது. கிட்டப் போகாமல், கையை மடியில் வைத்து மண்ணில் உட்கார்ந்தேன். மெல்ல ஊர்ந்து வந்து மடியில் முகம் வைத்தது.

"ஆத்தா, இனிமே உன் முன்னால சாமி கும்பிடக்கூடக் கையைத் தூக்க மாட்டேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து மோர்ச்சோறு தின்றது. இப்போது கட்டிலுக்கடியில் குறட்டை. கட்டில்மேல் கேட்கும் குறட்டைக்கு இது எவ்வளவோ தேவலை.