நகர்த்தாத குதிரை

ஞாயிறு, இரவு.

இன்று திருச்செங்கோட்டு மண்டபத்தில் செஸ் சாம்பியனோடு ஆடினேன். இருபது பேருக்கு இருபது போர்டு. அவர் மட்டும் நடந்துகொண்டே எல்லோரோடும் ஆடினார். என் மகள் வயதுப் பெண்தான். பத்து வருசமாக அவர் ஆட்டங்களை நோட்டில் எழுதி வைக்கிறவன் நான். அவர் என் முன்னால் வரும்போதெல்லாம் எழுந்து நின்றேன்.

"உக்காருங்கண்ணா, நிக்கறது என் வேலைங்க" என்றார். அடுத்த சுற்றிலும் எழுந்தேன்.

ஒரு கட்டத்தில் குதிரையை நகர்த்தினால் அவருடைய ராணி போய்விடும் என்று தெரிந்தது. கை அதன் பக்கம் போனது. அவர் தோற்பதைப் பார்க்க மனசு வரவில்லை. சிப்பாயை நகர்த்தினேன். தோற்றேன்.

காய்களை அவரே திரும்ப அடுக்கினார்.

"குதிரையப் பாத்தீங்களாண்ணா?"

"இல்லீங்க சாமி."

"பாத்தீங்க. கை அங்க போச்சுங்களே." சிரித்தார். "என்னையத் தோக்க உடுங்கண்ணா. அதுக்குத்தானுங்க இவ்வளவு தூரம் வந்தேன்."

வீட்டுக்கு வந்ததும் போர்டை எடுத்து அதே ஆட்டத்தை வைத்தேன். குதிரையை நகர்த்திவிட்டேன். எதிர் நாற்காலியில் அவர் கன்னத்தில் கை வைத்து யோசிப்பது போலவே இருக்கிறது.

இந்த முறை நான் எழுந்து நிற்கவில்லை.