குதிரை வருடத்துப் பொருத்தம்

ஜனவரி 10, சனி

காலையில் மூடுபனி. எதிர் அபார்ட்மெண்ட் தெரியவில்லை. வாங்க வேண்டியவை: பால், தக்காளி, குளியலறை பல்பு. பல்பை மறந்தேன்.

ஃப்ரீமாண்டிலிருந்து வசந்தா போன். அவள் மகள் ஹரிணிக்கு ஒரு வருடமாக நான் வரன் பார்க்கிறேன். முப்பதைத் தொடும் வயது, நல்ல வேலை, காட்டிய பையன்கள் எல்லாரையும் வேண்டாம் என்றவள். ஏன் என்று இன்று தெரிந்தது.

"அண்ணா, அவ ஒரு சைனீஸ் பையன லவ் பண்றாளாம். உங்க மில்பிடாஸ் பிளாசாவுலயே ஒரு சைனீஸ் அம்மா சிங்கிள்ஸ் மீட் நடத்துறாங்களாம். அங்கதான் பாத்திருக்கா. நீங்க ஜாதகம் ஒத்து வரலன்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா யோசிப்பா."

சரி என்றேன். வைக்கும் முன் வழக்கம்போல் என் மனைவியைக் கேட்டாள், "அக்கா எப்ப இந்தியாவுல இருந்து வராங்க?"

நானும் வழக்கம்போல், "அவங்கம்மாவுக்கு இன்னும் ஒடம்பு சரியாகலீங்க."

மாமியார் காலமாகி வருடங்கள் ஆகின்றன. விவாகரத்து அதற்கும் முன்னால். கல்யாணத் தரகனே வாழ்க்கையைக் கோட்டை விட்டவன் என்று தெரிந்தால் யார் பெண்ணைப் பற்றிப் பேச வருவார்கள்?

ஜனவரி 12, திங்கள்

குளிர். அந்தச் சீனத் தரகரைப் பார்க்கப் போனேன். பேக்கரிக்கு மேல் மாடி. கதவில் சிவப்புக் காகிதம், உள்ளே மடக்கு நாற்காலிகள். ஐம்பதைத் தாண்டிய பெண், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஏதோ தேடிக்கொண்டிருந்தாள். என் ஆட்களை இழுக்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னேன். இது திறந்த நிகழ்ச்சி, யாரும் வரலாம் என்றாள். திரும்பும்போது எனக்குள் தமிழில் முணுமுணுத்தேன், "காசு புடுங்கற கூட்டம்."

பின்னாலிருந்து குரல். "அண்ணே, நான் கொறச்சதான் வாங்குறேன்."

தமிழ்! படியில் கால் தடுமாறியது.

பெயர் சியூ லான். மலேசியா, ஈப்போ பக்கம். ரப்பர் தோட்டத்து வாசலில் அப்பாவின் மளிகைக் கடை. வந்தவர்கள் எல்லாம் தமிழர்கள், கணக்குச் சொல்லியே தமிழ் கற்றிருக்கிறாள்.

"கோவம் முடிஞ்சா உக்காருங்க அண்ணே. பசியாறியாச்சா?"

பசியாறுவது என்றால் அவர்கள் ஊரில் சாப்பிடுவது. இல்லை என்றேன். ஒரு பன் கொடுத்தாள். சண்டை போடப் போய் பன் சாப்பிட்டு வந்தேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். ரைஸ் குக்கரில் வைத்தேன், பொங்கவில்லை. கோயிலுக்குப் போகவில்லை. போனால் நாலு பேர் மனைவியை விசாரிப்பார்கள்.

டெக்சாஸிலிருந்து மகள் காவ்யா. "ஹேப்பி பொங்கல் பா. இர்விங்ல எனக்கு பெரிய அபார்ட்மெண்ட் கிடைச்சிருக்கு. ஜஸ்ட் மூவ் ஹியர். தனியா என்ன பண்றீங்க அங்க?"

வேலை இருக்கிறது என்றேன். "எல்லாம் போன்லதானே பா பண்றீங்க?" உண்மை.

மீதிப் பொங்கல் ஃப்ரிட்ஜில். மூன்று நாளைக்கு வரும்.

ஜனவரி 18, ஞாயிறு

ஹரிணியைக் காபிக் கடையில் பார்த்தேன். கேள்விகளைத் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அவள்தான் கேட்டாள்.

"அங்கிள், ஜாதகத்த விடுங்க. உங்க ஒப்பீனியன் என்ன?"

இத்தனை வருடத்தில் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. அந்தப் பையன் ஆல்வினிடம் என்ன பிடித்தது என்று திருப்பிக் கேட்டுத் தப்பித்தேன்.

"நான் பேசி முடிக்கிற வரைக்கும் வெயிட் பண்றான் அங்கிள். தட்ஸ் இட்."

வீடு வரும் வரை அந்த வாக்கியம் கூடவே வந்தது. நான் என் மனைவியை ஒருநாளாவது பேசி முடிக்க விட்டேனா என்று ஞாபகம் இல்லை.

ஜனவரி 24, சனி

லான் கூப்பிட்டாள். ஆல்வினின் அம்மாவும் அவளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாளாம்: நீதான் சேர்த்தாய், நீயே பிரித்துவிடு. இரண்டு தரகர்களுக்கும் ஒரே உத்தரவு.

பேக்கரி மாடியில் உட்கார்ந்து பார்த்தோம். என் பக்கம் ரஜ்ஜு தட்டுகிறது. அதாவது தாலிக்கு ஆகாது என்பார்கள். அவள் பக்கம் இன்னும் மோசம். பையன் குதிரை வருடத்தில் பிறந்தவன், பெண் எலி வருடம். நேர் எதிர். போதாததற்கு வரப்போவது குதிரை வருடம். தன் விலங்கின் வருடத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்களாம்.

"ரெண்டு பக்கமும் வேணாம்னு சொல்லுது அண்ணே. நம்ம வேல சுலுவாப் போச்சு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

டீ ஆறியது. அவள் கணவர் இறந்துவிட்டாராம், இங்கே வந்த சில வருடத்திலேயே. மகன் பாஸ்டனில். "கல்யாணத்துக்கு மொத நாளு பொண்ணுக்கு முடி சீவுவாங்க. புருஷன் உள்ளவங்கதான் சீவலாம். நான் ஜோடி சேத்து வச்ச பொண்ணுக்கே நான் சீப்பத் தொடக் கூடாது."

என் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. பன்னிரண்டு மாதமும் இந்தியாவில் இருக்கும் மனைவி, செத்துப்போன மாமியாரின் சீக்கு, எல்லாம். காவ்யாவைத் தவிர இந்த நாட்டில் யாருக்கும் தெரியாது.

லான் என் பிறந்த வருடம் கேட்டாள். சொன்னேன். "கொரங்கு" என்று மட்டும் சொல்லி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். அவள் பிறந்த வருடத்தைப் பேச்சில் சொல்லியிருந்தாள். அவள் எலி. ஹரிணியின் எலிதான், இரண்டு சுற்று முன்னால். குரங்குக்கும் எலிக்கும் மிகவும் ஒத்துப்போகும் என்று போட்டிருக்கிறது.

நம்பிக்கை இல்லாதவன் மாதிரி இன்னொரு பக்கத்திலும் தேடினேன். அங்கேயும் அதேதான்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இரண்டு குடும்பமும் ரெஸ்டாரண்டில். வட்ட மேசை. ஆல்வினின் அம்மாவுக்கு ஆங்கிலம் குறைவு. லான் அவள் பேசுவதை நேராகத் தமிழில் மாற்றிச் சொன்னாள். ஆச்சரியத்தில் வசந்தாவின் வாய் மூடவே இல்லை.

ஆல்வினின் அம்மா குதிரை, எலி என்று ஆரம்பித்தாள். லான் கையை உயர்த்தி நிறுத்தினாள். சீனத்தில் மெதுவாகப் பேசினாள். பிறகு எங்களுக்கும்.

"எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் எல்லாம் பொருந்துச்சும்மா. எங்கம்மா மூணு எடத்துல பாத்தாங்க. அவரு நாப்பத்தி நாலு வயசுல போயிட்டாரு. இந்தப் பிள்ளைங்கள நான் பயமுறுத்த மாட்டேன். பிரிக்கணும்னா வேற ஆளு பாத்துக்குங்க."

வசந்தா என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கண்ணா. நீங்களும் அக்காவும் பொருத்தம் பாத்துதானே கட்டிக்கிட்டீங்க? நல்லாத்தானே இருக்கீங்க?"

லான் என்னைப் பார்த்தாள்.

நான் தலையாட்டினேன். நல்லா இருக்கிறோம் என்று. ரஜ்ஜு தட்டுவதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

வெகுநேரம் கழித்து ஆல்வினின் அம்மா ஹரிணியின் கிண்ணத்தில் ஒரு துண்டு வாத்துக்கறி எடுத்து வைத்தாள். அவ்வளவுதான், முடிந்தது. சம்மதம். ஹரிணி அழுதாள், வசந்தாவும். லான் பையை எடுத்துக்கொண்டு முதலில் கிளம்பிவிட்டாள்.

பிப்ரவரி 4, புதன்

வசந்தா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். சண்முகம் அண்ணாதான் முடித்துக் கொடுத்தார் என்று. புதிதாக மூன்று பேர் போன் பண்ணினார்கள். ஒருவர் சான் ரமோனிலிருந்து. "குடும்பஸ்தர்னு சொன்னாங்க சார், அதான் நம்பிக்கை."

சாப்பிடப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 7, சனி

மேகம். பேக்கரி மாடிக்குப் போனேன். மடக்கு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். விதவை என்று தெரிந்ததும் இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளின் பெயரை எடுத்துவிட்டார்களாம். அபசகுனம்.

நானும் நாற்காலி அடுக்கினேன்.

"நீங்க ஏன் தலையாட்டுனீங்க?"

இன்னொரு நாற்காலியை மடக்கினேன். கேள்வியில் அண்ணே இல்லை என்பதைக் காரில் ஏறிய பிறகுதான் கவனித்தேன். கோபத்தில் விட்டாளா, வேறு ஏதாவதா? கேட்க முடியாத கேள்வி.

பிப்ரவரி 10, செவ்வாய்

காவ்யா. மார்ச்சிலிருந்து எனக்கு ஒரு அறை காலியாக இருக்கும். பால்கனியோடு. "சொல்லுங்கப்பா, எஸ் ஆர் நோ?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"வாட்ஸ் தேர் டு திங்க்? இஸ் தேர் சம்ஒன்?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் உடனே இல்லை என்றதும், அறைப் பேச்சை அவள் அதோடு விட்டுவிட்டாள்.

பிப்ரவரி 14, சனி

காதலர் தினம். பிளாசாவில் பார்க்கிங் இல்லை, எல்லாரும் பூக் கொத்தோடு. மாடி ஜன்னலில் லானின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. விரல் விட்டு எண்ணும்படி சில தலைகள். காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பேச்சோடு பேச்சாக அவள் ஒருமுறை பிறந்த தேதியும் நேரமும் சொல்லியிருந்தாள். கம்ப்யூட்டரில் அவள் விவரம் ஒரு பக்கம், என் விவரம் ஒரு பக்கம். பொருத்தம் பார்க்கும் பட்டனை அழுத்தவில்லை. இல்லை என்று வந்தால் தாங்காது. ஆம் என்று வந்தாலும், அந்த நாற்காலிகளுக்கு நடுவில் அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

மழை. நாளை சீனப் புத்தாண்டு, குதிரை பிறக்கிறது. இன்று சாயங்காலம் குடும்பம் கூடிச் சாப்பிடுவார்களாம். மத்தியானம் லானிடமிருந்து மெசேஜ், தமிழை ஆங்கில எழுத்தில்: மகன் வரவில்லை, சாப்பாடு இருக்கிறது.

வெள்ளைச் சட்டை வேண்டாம் என்று தோன்றியது, அவர்களுக்கு அது துக்க நிறம். நீலம் போட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போது வசந்தா. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். "அண்ணா, தட்டு மாத்தறப்ப நீங்களும் அக்காவும் ஜோடியா வந்து நிக்கணும். நாங்க டிக்கெட் போட்டுத் தரோம், அக்காவ வரச் சொல்லுங்க."

கார் சாவி கையில்.

"அக்கா வர மாட்டாங்கம்மா. நாங்க பிரிஞ்சு ரொம்ப வருஷம் ஆச்சு. டைவர்ஸ். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். அன்னிக்கு ரெஸ்டாரண்ட்லயும்."

மழைச் சத்தம். கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"அப்படியா… சரிண்ணா. அவர்கிட்ட பேசிட்டுக் கூப்பிடறேன்."

கூப்பிட மாட்டாள். சான் ரமோன்காரரும் நாளைக்குள் தெரிந்துகொள்வார். பயம் வரும் என்று காத்திருந்தேன். பசிதான் வந்தது.

லான் கதவைத் திறந்தாள். சமையல் துணியில் கை துடைத்தபடி. உள்ளே விடும் முன்பே சொன்னேன், வசந்தாவிடம் சொல்லிவிட்டேன் என்று.

"எல்லாமா?"

"எல்லாம்."

"வரன் கேக்குற ஆளு போயிருமே."

"போகட்டுங்க."

அவள் என்னை உள்ளே வரச் சொல்லவில்லை, வழியை விட்டு நகர்ந்தாள். மேசையில் மூன்று கிண்ணங்கள், மூன்று நாற்காலி. முழு மீன் ஒன்று. நான் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்தேன்.

"அது எங்க வீட்டுக்காரரு எடம்" என்றாள். சத்தமில்லாமல், சாதாரணமாக. பிறகு தன் நாற்காலிக்கு அடுத்ததைத் தட்டிக் காட்டினாள். "சண்முகம், நீங்க இங்க."

உட்கார்ந்தேன். அவர் கிண்ணத்தில் முதலில் சோறு போட்டாள், அடுத்து எனக்கு, அடுத்து அவளுக்கு. நான் திங்கட்கிழமை கவுச்சி தொடுவதில்லை. அதைச் சொல்லவில்லை. முள் எடுத்து வைத்தாள், சாப்பிட்டேன்.